கதவு திறந்த காலம்

இப்போது வருகிற வண்டிகளுக்குக் கதவே கிடையாது.
கைப்பிடி, சாவித்துளை, ஜன்னலின் பளபளப்பு
எல்லாம் ஃபைபர் கூட்டின்மேல் தீட்டிய சாயம்.
ஓட்டுபவன் அடிவயிற்று வழியாகத்தான்
ஏறிப் போகிறான்.

வெர்லினின் லாரிக்குக் கதவு இருந்தது.
கீல் தேய்ந்த கதவு.
சாத்தும்போது கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும்,
இல்லையென்றால் திருப்பத்தில் தானாகத் திறந்து
ஊருக்கே அவன் முழங்காலைக் காட்டும்.

எழுபத்து நாலாம் வருஷத்து ஃபோர்டு.
மிசௌரியில், செடேலியாவுக்குத் தெற்கே,
சைலன்ஸர் மாற்றிப் பிழைத்த எங்கள் கொட்டகையில்
ஒரு குளிர்காலம் முழுக்க அது வளர்ந்தது.
ராணுவ ஏலத்தில் எடுத்த அச்சுகள்.
உரம் தூவும் எந்திரத்தில் கழற்றிய சக்கரங்கள்,
ஒவ்வொன்றும் என் மார்பளவு.
மான்ஸ்டர் என்ற சொல் எங்கள் பக்கம் இன்னும் வந்திருக்கவில்லை.
'லொவெட்டாவின் தலைவலி' என்று
மஞ்சள் எனாமலில் நான்தான் கதவில் எழுதினேன்.
அண்ணி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.
அடுத்த ஞாயிறு கார் கிளம்பாதபோது
தேவாலயத்துக்குப் போகிற பாவாடையை ஒரு கையில் பிடித்து
ஏணி வைத்து அவளே ஏறினாள்.

அக்டோபர். சோயா அறுத்த வயல்.
மிதிபட இரண்டு கார்கள்.
ஒன்று ஆர்வில் வீட்டுத் துருப்பிடித்த செவர்லே.
இன்னொன்று என் ப்ளைமவுத்.
ராய்ஸ் போனபோது எடுத்துப் போகாத ஒரே பொருள்.
அண்ணன் நாற்பது டாலர் தந்தான், நான் வாங்கிக்கொண்டேன்.
டேஷ்போர்டுப் பெட்டியைக் காலி செய்தேன்:
நெப்ராஸ்கா வரைபடம்,
கட்டாத ஒரு பார்க்கிங் அபராதம்,
என்னுடையதல்லாத உதட்டுச் சாயம்.
உதட்டுச் சாயத்தை மட்டும்
திரும்ப உள்ளேயே வைத்து மூடினேன்.

பதினொரு பேர், ஒரு நாய்.
கயிறு கட்டவில்லை. கை நீட்டினால் டயர்.
பாய்ச்சல் எல்லாம் பிற்பாடு வந்தது.
அன்று அது ஏறியது, அவ்வளவுதான்.
கரைமேல் முன்னங்கால் வைத்து
யோசித்து நிற்கிற மாட்டைப்போல
பானட்டில் ஒரு சக்கரம் வைத்து நின்றது.
பிறகு கூரை.
முதலில் ஒரு பெருமூச்சு, நிஜமாகவே பெருமூச்சு.
தகரம் மடிகிற சத்தம் அதற்குப் பிறகு.
கண்ணாடி கடைசிவரை பொறுத்திருந்து
ஒரே நொடியில் உதிர்ந்தது.

யாரும் கைதட்டவில்லை.
என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.
ஆர்வில்தான் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:
"இன்னொரு தடவை, வெர்லின். பின்பக்கமாக."
மார்ச்சுக்குப் பிறகு
நான் சிரித்தது அப்போதுதான்.

அப்புறம் சந்தைகள், கண்காட்சிகள், ஒஹையோ.
கயிறு வந்தது, கயிறு போய்க் கான்கிரீட் சுவர் வந்தது.
டயர் என் தலைக்கு மேல் போனது.
எண்பத்தொன்பதில் ஃப்ளோரிடாக்காரர்கள் வாங்கி
அச்சை வைத்துக்கொண்டு உடலை எறிந்தார்கள்.
கதவைக் கேட்டு இரண்டு கடிதம் போட்டேன்.
பதில் வரவில்லை.

இன்று செயின்ட் லூயிஸில், மூடிய அரங்கத்தில்
காதில் பஞ்சோடு உட்கார்ந்திருக்கிறேன்.
ஒரு பச்சை வண்டி முதுகுப்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு
நான்கு சக்கரத்தில் வந்து நிற்கிறது.
பொய் சொல்ல மாட்டேன், அழகாய்த்தான் இருக்கிறது.
நானும் எழுந்து கத்தினேன்.

ஆனால் கீழே கிடக்கிற கார்களுக்கு
இஞ்சின் இல்லை, கண்ணாடி இல்லை,
எல்லாவற்றுக்கும் ஒரே ஆரஞ்சுச் சாயம்.
யாரிடம் எத்தனை டாலருக்கு வாங்கியவையோ.
கடைசிக் காரின் பின்பக்கத்தில் மட்டும்
சாயத்துக்கு அடியிலிருந்து ஒரு ஒட்டுத்தாள் புடைத்துத் தெரிந்தது:
என் மகள் வகுப்பில் முதல்.
பள்ளியின் பெயர் படிக்க முடியவில்லை.

பச்சை வண்டி அதை நோக்கித் திரும்பியது.
ஒரு காதுப் பஞ்சை உருவிக்கொண்டேன்,
கூரை அமிழும்போது
அந்த முதல் சத்தம் கேட்கட்டும் என்று.

இஞ்சின்தான் கேட்டது.